கண்ணாடித் தகட்டில் இழைகள்

எல்லாம் இந்த வரிசையில்தான் நடந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தங்கை சொன்னது ஒரு விதம், அண்ணி சொன்னது இன்னொரு விதம். குப்பைக்கூடையைப் பற்றி மட்டும் இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்.

அண்ணனின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அவன் வீட்டுச் சமையலறையில் தங்கை குப்பைக்கூடையைக் கவிழ்த்து, முட்டை ஓடுகளுக்கும் டீத்தூளுக்கும் நடுவே துழாவிக்கொண்டிருந்தாள். மாத்திரை அட்டைகள் கிடைத்தன. எல்லாம் காலி. காலி அட்டையை வைத்து என்ன சொல்ல முடியும்? மாத்திரை வாய்க்குள்ளும் போயிருக்கலாம், சாக்கடைக்குள்ளும் போயிருக்கலாம்.

நிமிர்ந்தபோது வாசற்படியில் அண்ணி நின்றிருந்தாள்.

"என்னம்மா தேடுறே?"

"வேளாவேளைக்குக் குடுத்தீங்களா அண்ணி?"

"குடுத்தேன்."

"முழுங்குனதைப் பாத்தீங்களா?"

"உங்க அண்ணன் என்ன பச்சைக் குழந்தையா?"

அண்ணி துடைப்பத்தை எடுத்து, சிந்தியதைக் கூட்டினாள். அழுத கண்ணாகத் தெரியவில்லை. அதையும் தங்கை மனதில் வைத்துக்கொண்டாள்.

வெல்டிங் பட்டறையில் பொறி தெறித்துக் காலில் ஒரு சின்னப் புண். அதற்கு ஒரு மனுஷன் சாவானா? உடலை அறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்ற முடிவோடுதான் சித்தப்பாவையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு அவள் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மருந்து ஒழுங்கா உள்ள போச்சா டாக்டர்?"

"போயிருக்கு. கடைசியா எடுத்த ரத்தத்துல கிருமியே வளரலை."

"அப்புறம் எப்படிச் செத்தாரு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளை அணு சில சமயம் தன்னையே கிழிச்சுக்கும்மா. உள்ள சுருட்டி வச்சிருக்கிற இழையை வலை மாதிரி வெளிய வீசும். கிருமி அதுல மாட்டிக்கும். நல்லதுதான். இவருக்கு அது அளவு மீறிடுச்சுன்னு நினைக்கிறோம். அந்த வலையிலயே ரத்தம் உறைஞ்சு நுரையீரலை அடைச்சிருக்கு. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்."

"காவலுக்கு வச்ச நாயே கடிச்சிடுச்சுங்கிறீங்க" என்றார் சித்தப்பா.

தங்கைக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு, அண்ணன் காய்ச்சலோடு வீட்டில் கிடந்தபோது, அவனது ரத்தத்தை அவளேதான் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்திருந்தாள். வெள்ளை அணுக்கள் பிய்த்த பஞ்சுபோல இழை இழையாகக் கிடந்தன. தேய்க்கும்போது கை அழுத்திவிட்டது, தகடு கெட்டுவிட்டது என்று நினைத்தாள். அவசரத்தில் நடப்பதுதான். இன்னொன்று தேய்த்தாள். அதிலும் கிழிந்தவை இருந்தன. முழுசாக இருந்தவற்றை மட்டும் எண்ணினாள். எண்ணிக்கை ஏறியிருந்தது. உடனே அண்ணிக்குப் போன் செய்தாள்: "உடம்பு நல்லா போராடுது அண்ணி. பயப்படாதீங்க. மாத்திரை முடியட்டும், ஆஸ்பத்திரியை அப்புறம் பாத்துக்கலாம்."

சித்தப்பா அண்ணியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, காய்ச்சல் கொதிக்கிறது தெரியலையா உனக்கு? அன்னைக்கே கூட்டிட்டு வர்றதுக்கு என்ன?"

அண்ணி தங்கையைப் பார்த்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தங்கை தன் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தோணலை மாமா" என்றாள் அண்ணி.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்று டாக்டர் கேட்டார்.

உடலை எப்போது தருவார்கள் என்று மட்டும் தங்கை கேட்டாள். அண்ணி எதற்காக அப்படிச் சொன்னாள்? இரக்கமா? இல்லை, பின்னொரு நாள் சொல்லிக்காட்ட ஆகும் என்று எடுத்து வைக்கிறாளா? உடலை வண்டியில் ஏற்றும்போதும் அவள் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பட்டறையை இப்போது அண்ணனின் கூட்டாளி நடத்துகிறார். சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை, 'பொண்டாட்டி கவனிக்காம விட்டுட்டா' என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி வேறு ஊரில் ஒரு விடுதியில் சமைக்கிறாள். தங்கை அதே கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். எப்போதாவது இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். விலைவாசி, முழங்கால் வலி. பேச்சு தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் போனை வைப்பதில்லை.