அவுக தெனமும் நிக்கிறாக

1

இந்தக் கதை ஒரு கொக்கிலிருந்து வந்தது.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் கைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றிலும் ஒரே கண்மாய், ஒரே கூட்டம், தண்ணீருக்கு மேலே இறகு விரித்த ஒரே கொக்கு. தேதி மட்டும் மாறியது. மார்கழியில் பறக்க ஆரம்பித்த கொக்கு வைகாசியிலும் இறங்கவில்லை.

"றெக்கை வலிக்காதா இதுக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பஸ் நிலையத்தில் அவள் இறங்கிப் போய்விட்டாள். கொக்கு என்னிடம் தங்கிவிட்டது. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கண்மாய்க்குள் பிணம் கிடந்தது. ஷர்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தா...'

[வேண்டாம். இந்தக் கதையில் பிணம் கிடக்கவில்லை. நிற்கிறது.]

அடுத்து: 'கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சேரனின் கண்கள்...'

[அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. வாயில் எப்போதும் ஒரு கடலை மிட்டாய், அவ்வளவுதான்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஷர்லி, ஆவூர்ப் பெண். நூறு நாள் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ச் சமூகத் தணிக்கை செய்கிறவள். வேலை நடந்ததற்குச் சாட்சியாக, ஆட்களைத் தினமும் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும். பணித்தளப் பொறுப்பாளர் சேரன் மார்கழியில் ஒரு நாள் நிஜமாகவே படம் பிடித்தான். பிறகு வேலையும் இல்லை, ஆளும் இல்லை. அந்தப் படத்தை ஒரு போனில் திறந்துவைத்து, இன்னொரு போனால் அதைப் படம் பிடித்து ஏற்றினான். கூலி வந்தது. எல்லோருக்கும் ஒரு பங்கு, அவனுக்குப் பெரிய பங்கு.

குற்றவாளியை இரண்டாம் பகுதியிலேயே காட்டிக்கொடுத்தாயிற்று. தொடர்கதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

3

வைகாசி வெயிலில் கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஷர்லி கரையில் நின்று கைபேசியை உயர்த்தினாள். திரைக்குள் மட்டும் தண்ணீர் தளும்பியது. இரண்டுக்கும் நடுவே எங்கோ காற்று ஈரமாக அடித்ததுபோல இருந்தது.

"இங்கிட்டு வாங்க மேடம். அங்கன நின்னா மண்டை பொளந்துரும்."

கருவேல நிழலில் இருளாயி உட்கார்ந்திருந்தாள். படத்திலும் அவள் இருக்கிறாள். ஓரத்தில் மண்வெட்டியோடு ஒருவர். எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் தலையைத் திருப்பி இருளாயியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இவருதான் உங்க வீட்டுக்காரரு பிச்சையா, அக்கா?"

தலையாட்டினாள்.

"இப்ப எங்க இருக்காரு?"

"அவுகளா? தெனமும் நிக்கிறாகள்ல."

(* போன முறை வந்த தணிக்கைக்காரரிடமும் இதையேதான் சொன்னாள். நிற்கிறார் என்றால் நிற்கிறார். அவர் 'சரி' என்று குறித்துக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.)

ஷர்லி படத்தைப் பார்த்தாள், எதிரே பார்த்தாள். படத்து இருளாயியின் நெற்றியில் குங்குமம். நிழலில் இருக்கிற இருளாயியின் நெற்றி வெறிச்சென்று இருந்தது.

"எப்பக்கா?"

"தையில. பொங்கலுக்கு வாங்குன கரும்புகூட காயல." இருளாயி மண்ணைக் கீறினாள். "சேரன் தம்பி தெனமும் காலையில போட்டோவ அனுப்பி விட்ரும். 'அண்ணன் வேலைக்கு வந்துட்டாருக்கா'ன்னு. எறப்பு சர்டிபிகேட்டு எதும் இப்ப வாங்க வேணாம்னுச்சு."

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். சேரன் நல்லவன்தானோ?

[இல்லை. பிச்சையின் ஏ.டி.எம். கார்டு அவன் சட்டைப்பையில் இருக்கிறது.]

"நாளைக்கி கிராம சபையில ஒரு வரி சொல்லுங்கக்கா. 'என் வீட்டுக்காரரு பிச்சை இறந்துட்டாரு'ன்னு. மத்தவுக யாரும் வாயத் தொறக்க மாட்றாக," என்றாள் ஷர்லி.

எப்படித் திறப்பார்கள்? ஊருக்கே தெரியும், ஆனால் ஊரே அந்தப் படத்தில் நிற்கிறது.

இருளாயி சிரித்துவிட்டாள். "நல்லாச் சொன்னீங்க போங்க. கட்டுன நாள்லேருந்து அவுக பேரு என் வாயில வந்ததில்ல. வாசல்ல கையேந்தி வர்றவுகளுக்குக்கூட 'தருமம்'னு சொல்லித்தான் போடுவேன்."

"பேரு சொன்னாத்தான்க்கா பதிவாகும். 'அவுக'ன்னு எழுதுனா யாருன்னு கேப்பாங்க. திரும்பவும் ஏத்துவான்."

இருளாயி சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"சொல்லிப்புட்டா, மறுநாளு நிக்க மாட்டாகளா?"

ஷர்லிக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது.

"மாட்டாருங்க."

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவள் பெயரைச் சொல்கிறாள். சேரன் பைக்கை முறுக்கிக்கொண்டு திருமயம் பக்கம் பறக்கிறான். ஷர்லி துரத்து... [பைக்கில் பெட்ரோல் இருந்தால் பார்க்கலாம்.]

அல்லது, "நிக்கிறாக" என்கிறாள். மழை வருகிறது, கண்மாய் நிரம்புகிறது, நிஜக் கொக்குகள் வந்து இறங்குகின்றன. சேரனின் கொக்கு மட்டும் பறந்துகொண்டேயிருக்கிறது. [இது எனக்குப் பிடித்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். பிச்சையின் பெயரில் இன்னொருவன் தின்றுகொண்டிருப்பது இந்த முடிவில் தெரியவில்லை.]

அல்லது, அவள் மைக்கை வாங்கி, 'பி

இந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அவள் சொல்லாததை நான் அவள் வாயில் ஏற்றினால், எனக்கும் சேரனுக்கும் என்ன வித்தியாசம்? வராத ஆளை வந்ததாகக் காட்டினான் அவன். வராத சொல்லுக்கு நான் வருகை போடவா?

6

மறுநாள். பள்ளிக்கூட வளாகம், வேப்பநிழல். சேரன் மிட்டாயைக் கடிக்காமல் வாயில் ஒதுக்கி வைத்திருக்கிறான். ஷர்லி மைக்கில் பிச்சையின் பெயரை வாசிக்கிறாள். கூட்டம் தரையைப் பார்க்கிறது.

இருளாயி எழுந்து வருகிறாள். "அந்தப் போட்டோவ ஒரு தரம் காட்டுங்க மேடம்." பார்க்கிறாள். திருப்பிக் கொடுக்கிறாள். மைக்கை வாங்கிக்கொள்கிறாள்.

இந்தக் கதை முழுக்க நீங்கள் அந்தப் பெயரைப் படித்துக்கொண்டே வந்தீர்கள். அவள் இன்னும் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

கூட்டத்தைப் பார்க்காமல், தனக்குப் பக்கத்தில் யாருமில்லாத இடத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். அன்றைக்கு அவர் பார்த்ததைப் போலவே.

ஒலிபெருக்கியில் முதலில் மூச்சு வருகிறது. அடுத்து வருவதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கையை எடுத்துவிட்டேன்.