இருவர் தங்கும் அறை

கோயம்புத்தூரில் யார் யாரோடு தங்குவது என்று மஞ்சுளா கேட்டபோது வனமாமலை வாய்க்குக் கொண்டுபோன தயிர்சாதத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான். மஞ்சுளா ஆபீஸில் இருப்பவள். கம்பெனியில் யார் எந்த ஊருக்குப் போனாலும் பஸ், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் அவள் தலையில்தான் விழும். போனில் பிடிக்க முடியாமல் கேன்டீனுக்கே தேடிக்கொண்டு வந்திருந்தாள்.

"நாலு பேரு போறீங்க. ஒரு ரூமுக்கு ரெண்டு பேரு, அதான் கம்பெனி ரூல். ராஜாமணி சாரும் டிரெய்னிங் சாரும் ஒரு ரூம். நீயும் லோகேஷும் ஒரு ரூம். சரியா?"

"தனி ரூம் கிடைக்காதா மேடம்?"

"மாநாடுன்னு ஊர்ல கீற கம்பெனி மொத்தமும் அங்க போய் எறங்குது. தனி ரூமுக்கு நான் எங்க போவேன்? ஏன், லோகேஷ் கொறட்டை வுடுவானா?"

பக்கத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த லோகேஷ் சிரித்தான். வாலாஜாபாத் பையன், எதற்கும் சிரிப்பான். வனமாமலையும் சிரித்துவைத்தான். குடியிருக்கும் அறையில் இன்னொருவனோடு கட்டிலைப் பங்குபோட்டுப் படும் பாடே போதும் என்றிருந்தது அவனுக்கு. ரூல் என்று வந்துவிட்டால் மஞ்சுளாவிடம் வாதாடி ஜெயித்தவர் அந்தக் கம்பெனியில் இல்லை.

வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற மாநாடு அது. தொழிற்சாலைகளில் லைனில் நிற்கிறவர்களே மேடையேறி, தங்கள் லைனில் வந்த ஒரு கோளாறை எப்படிச் சரிசெய்தோம் என்று படம் போட்டு விளக்க வேண்டும். வனமாமலையின் குழு கார் கதவு ரப்பர் பிய்ந்துகொண்டு வருவதை நிறுத்தியிருந்தது. பேசப்போகிறவன் அவன்தான். நாங்குநேரியிலிருந்து வந்து காண்ட்ராக்டிலேயே காலம் தள்ளுகிறவனுக்கு இது லேசுப்பட்ட விஷயம் இல்லை. மேடையில் நன்றாகப் பேசிவிட்டு வந்தால் நிரந்தரம், பகல் ஷிஃப்ட் என்று மேலே வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். ஊரில் அம்மா அந்த வார்த்தையை வைத்துப் பெண் பார்க்கவே கிளம்பிவிட்டாள். இந்த ஒரு பேச்சில்தான் அவன் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் தடையாக நின்றது ஒரு கட்டில்.

ஒரகடம் பக்கம் வேலைக்கு வருகிறவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு அறை, ஒரு கட்டில், இரண்டு ஆள். ஒருவனுக்குப் பகல் வேலை, இன்னொருவனுக்கு இரவு வேலை. ஒருவன் எழுந்து போனதும் மற்றவன் வந்து படுப்பான், கட்டில் ஆறவே ஆறாது. இதில் மரியாதை ஒன்றே ஒன்றுதான். ஷிஃப்ட் முடிந்து கண் சொருக வருகிறவனுக்குக் கட்டில் காலியாக இருக்க வேண்டும். செந்தாமரையக்கா வீட்டுப் பின்கட்டில் தகர ஷீட் கூரை போட்ட அறையில் கட்டில் பகலில் வனமாமலைக்கு, இரவில் டில்லிபாபுவுக்கு. டில்லி அரக்கோணம் பக்கத்துக்காரன், கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. கூடவே குடியிருந்தும் அவர்கள் உட்கார்ந்து பேசியதே கிடையாது. விடிகாலையில் வாசலில் ஒருவன் செருப்பை மாட்ட, மற்றவன் கழற்றுவான்.

"இன்னாண்ணா, லைன் நல்லா ஓடிச்சா?"

"ஓடுச்சு டே. பாத்துப் போ."

அவ்வளவுதான் அவர்கள் சிநேகம். மாசி மாதம் ஒரு காலையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். டில்லி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்தபோது கண்டெய்னர் லாரி அடித்துவிட்டது. போனை சைலண்டில் போட்டுவிட்டு வனமாமலை சாயங்காலம் வரை அயர்ந்து தூங்கினான். எழுந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. டில்லியின் உடம்புச் சூடு போகாத மெத்தையில் தான் சுகமாகப் படுத்திருந்த நேரத்தில், அவன் ஆஸ்பத்திரியில் துணி மூடிக் கிடந்திருக்கிறான்.

அதன்பிறகும் கட்டில் ஆறவில்லை. வேலை முடிந்து வந்து கையை வைத்தால் மெத்தை வெதுவெதுப்பாக இருக்கும், தலையணையில் குழி விழுந்திருக்கும். கூரை ஷீட்டின் சூடு என்று முதலில் நினைத்தான். மார்கழி மாதிரி குளிர்ந்த ஒரு விடியலில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதும் மெத்தை சூடாக இருந்தது. அன்றைக்கு அவன் யோசிப்பதை நிறுத்திக்கொண்டான். வேறு ஆள் வைக்கட்டுமா என்று செந்தாமரையக்கா கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தான். உண்மையைச் சொன்னால், அந்தச் சூட்டில் அவனுக்குத் தூக்கம் நன்றாகவே வந்தது. யாரோ தனக்காக இடத்தைக் காத்துவைத்திருப்பதுபோல் இருந்தது.

மாநாட்டுக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்று குழுவைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்களே, அங்கேதான் வம்பு வந்தது. இனி அவன் இரவில் தூங்க வேண்டும். இரவு டில்லியுடைய நேரம்.

முதல் நாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தான். அடுத்தவன் இலையில் கை வைத்தாற்போல் உடம்பு கூசியது. பாயை எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டான். கட்டிலின் கீழ் இருட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கண்ணை மூட முடியவில்லை. காலையில் எழுந்து மெத்தையைத் தொட்டான், சூடாக இருந்தது. மறுநாளும் அதே கதை. வேறு இடத்தில் போய்ப் படுக்கலாம்தான். காரணம் என்னவென்று யாரிடம் சொல்வான்? லோகேஷிடம் சொன்னால் கேன்டீன் முழுக்கச் சிரிக்கும்.

ஒத்திகையில் நாலாவது படம் வந்ததும் நாக்கு உளறியது. ரப்பர் என்ற சொல்லே வாயில் வரவில்லை. சூப்பர்வைசர் ராஜாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் மேடை அவருக்கும் மானப் பிரச்சினை.

"மூஞ்சியப் பாரு, ஒரு வாரமா தூங்காதவன் மாதிரி. இன்னொரு வாட்டி இப்டி முழிச்சன்னா லோகேஷ் பேசட்டும். நீ வரவே வேணாம், சொல்லிட்டேன்."

வனமாமலைக்கு அழுகை முட்டியது. அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். வெளியே செந்தாமரையக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள், வெயில் இன்னும் சுவரில் இருந்தது. கட்டிலின் முன்னால் நின்று, வாய்விட்டே பேசினான்.

"டில்லி, கோவிச்சுக்காத டே. எனக்கு இது பொழப்பு. நான் தூங்கணும். அப்புறம் மூணு நாளு இங்க இருக்க மாட்டேன், கோயம்புத்தூர் போறேன். ரெண்டு பேரு தங்குத ரூமாம்." சொல்லிவிட்டு, வெறுமனே அறிவித்தது மரியாதையாகப் படாமல், ஊருக்குக் கிளம்புகிறவன் வீட்டில் இருப்பவனிடம் சொல்வதுபோல், "நீயும் வாறதுன்னா வா" என்றான்.

"யாராண்டப்பா பேசினுகீற?" என்று வெளியிலிருந்து செந்தாமரையக்கா கேட்டாள்.

"பேச்சுப் பழகுதேன் அக்கா."

அன்று விளக்கணைக்கும் முன் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, துணிந்து கட்டிலிலேயே படுத்தான். எப்போது தூங்கினான் என்று அவனுக்கே தெரியாது. விடிந்து எழுந்தபோது அவன் படுத்த இடம் மட்டும்தான் சூடாக இருந்தது. அவனுக்கு அப்பாடா என்று இருந்தது, கூடவே யாரையோ வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாற்போலும் இருந்தது. ஒத்திகையில் மடமடவென்று பேசி முடித்தான். ராஜாமணி எழுந்து கைதட்டினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் லோகேஷ் வந்து தலையைச் சொறிந்தான். "அண்ணா, எங்க அத்தை வூடு கோயமுத்தூர்லதான் கீது. நான் அங்கயே தங்கிக்கினு காலைல நேரா வந்துட்றேன். மேடத்தாண்ட நீயே சொல்லிடேன்."

மஞ்சுளா சலித்துக்கொண்டாள். "எல்லாம் போட்டு முடிச்சப்புறம் சொல்லுங்க. லாட்ஜுல கேட்டு ஒத்தைக் கட்டில் ரூமா மாத்தட்டுமா? இப்ப ஒண்ணு காலியாயிருக்குன்னு சொன்னாங்க. நீ கேட்ட தனி ரூம்தான்."

கேட்டபோது கிடைக்காத தனி அறை, தானாக வந்து நின்றது. வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். டில்லியை வா என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. கூப்பிட்டுவிட்டு இடத்தைப் பிடுங்கலாமா?

"வேணாம் மேடம். ரெண்டு பேருக்கே இருக்கட்டும்."

"தனியா படுக்க பயமா?" என்று மஞ்சுளா சிரித்தாள்.

மறுநாள் பொழுது சாய ஸ்ரீபெரும்புதூர் பைபாஸில் நின்றார்கள். கோயம்புத்தூர் ஸ்லீப்பர் பஸ் வந்து ஒதுங்கியது. ராஜாமணி படச் சுருளைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு ஏறினார், பின்னாலேயே டிரெய்னிங் சாரும் ஏறினார். லோகேஷ் பைகளை டிக்கியில் தள்ளினான். அப்போது வனமாமலையின் போன் அடித்தது.

"வனமாமலைங்களா? கோயமுத்தூர் லாட்ஜிலிருந்து பேசறங்க. எத்தன மணிக்கு வருவீங்க?"

"விடியக்காலம் ஆயிரும்."

"அதொண்ணுமில்லீங்க. உங்க ரூம்ல இன்னொருத்தர் காலையிலயே வந்து படுத்துட்டாருங்க. உங்க பேரு, கம்பெனி பேரு எல்லாம் சரியாச் சொன்னாரு, சாவி குடுத்துட்டம். சாப்பிடக்கூட எந்திரிக்கலீங்க. ரெண்டாவது கட்டில் இருக்குதுன்னு சொன்னாலும் கேக்கறதில்ல. நீங்க வந்தா எந்திரிச்சு எடம் விட்டுடறேங்கறாரு."

லாரிகள் இரைந்துகொண்டு போயின. வனமாமலை ஒரு காலைப் படியில் வைத்தபடி அப்படியே நின்றான். அந்த ஒரு கட்டிலில் ஏறி இறங்கிய காலமெல்லாம் அவனிடம் ஒழுங்காக நாலு வார்த்தை பேசவில்லையே என்ற ஆற்றாமையும், ஓடிப்போய்விடலாம் என்ற பயமும் ஒரே நேரத்தில் வந்தன.

"அண்ணா, ஏறுண்ணா! வண்டி எடுக்கறாங்கோ!" என்று லோகேஷ் பின்னாலிருந்து தள்ளினான்.

"அவருகிட்டப் பேசறீங்களா?" என்றது போன்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். "குடுங்க" என்றான்.

போனை எடுத்துக்கொண்டு யாரோ மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு நீளமான வராந்தாவில் செருப்புச் சத்தம். கதவை இரண்டு தடவை தட்டினார்கள். பஸ் நகர்ந்தது. உள்ளே கட்டில் ஒன்று முனகியது. தூக்கம் கலைந்த ஒருவன் வெறுங்காலோடு கதவை நோக்கி நடந்து வந்தான்.