பத்தெழுத்துக்குள் அடங்கியவை

பென்டிரைவைக் கொடுக்கும்போது சுரேஷ்குமார் ஒன்றுதான் சொன்னார். "சின்னச் சின்ன வரியெல்லாம் எடுத்துடுங்க. தண்ணி, வலி, லைட்டை அணை... அப்பாவோட வருஷ திவசத்துக்கு வர்றவங்க இதையா படிக்கணும்?"

அவருடைய அப்பா வேணுகோபால் பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்டை ஆபரேஷனில் பேச்சு போனபின், எட்டு மாதம் லேப்டாப்பில் அடித்து அடித்துத்தான் மனைவியிடம் பேசினார். ஒரே கோப்பு, ஆறாயிரம் வரி. நடுநடுவே நீளநீளமாக ரயில் கதைகள், பேரப்பிள்ளைகளுக்குப் புத்திமதி. அவை மட்டும் சிறு புத்தகமாக வேண்டுமாம். ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தால் தீருமா? பாலக்கரையில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஃபெமினா, தேடும் பெட்டியில் ஒரு புள்ளியும் அடைப்புக்குள் எண்ணுமாக ஏதோ குறி போட்டாள். எந்த எழுத்தானாலும் சரி, பத்துக்குள் அடங்கும் வரி போகட்டும் என்று அதற்குப் பொருள். ஒரே தட்டில் நாலாயிரம் வரி போயின. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத தெரு; அந்தப் பழக்கத்தில் கை தானாகச் சேமித்துவிட்டது. நகல் எடுக்காதது கோப்பை மூடியபிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் மாலை, ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வேணுகோபாலின் மனைவி மட்டுவார்குழலியே வந்துவிட்டார். அச்சடித்த தாள்களை வாங்கியவர் நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"கடைசி வரி எங்கம்மா?"

"எதும்மா?"

"'இரு'ன்னு அடிச்சிருந்தாரே."

ஃபெமினா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "சின்ன வரியெல்லாம் எடுக்கச் சொன்னாங்கம்மா... லேப்டாப்புல இருக்குமே?"

"அதை எம்பையன் அழிச்சு யாருக்கோ குடுத்துட்டான்." மட்டுவார்குழலி ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியில, காபி வாங்க ஃபிளாஸ்க்கை எடுத்தேன். 'இரு'ன்னு அடிச்சாரு. படிச்சேம்மா. படிச்சிட்டுத்தான், இதோ வந்துடுறேன்னு போனேன். கேண்டீன்ல கூட்டம். திரும்பி வந்தா நர்ஸு திரையை இழுத்துக்கிட்டிருந்தா."

"நான் அடிச்சுச் சேர்த்துடுறேம்மா. ரெண்டெழுத்துதானே."

"நீ அடிச்சா நீ சொன்னதாயிடும்." தாள்களை மடியில் அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். "புத்தகத்துல வந்துடுமோ, நாலு பேர் படிச்சிடுவாங்களோன்னு பயந்துதான் வந்தேன். இல்லேன்னதும் பாரு..."

தெருவில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ் ஹாரனடித்துப் போயிற்று.

"எதிர்க்கடையில டீ வாங்கிட்டு வரேம்மா. ஒரு நிமிஷம்" என்று ஃபெமினா எழுந்தாள்.

மட்டுவார்குழலியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வயதான கைதான், ஆனாலும் இறுக்கமான பிடி. ஃபெமினா அப்படியே உட்கார்ந்தாள்.