எலியட் வீட்டுக்கு வந்த மண்மேடு

புக்கிட் பெலிம்பிங் ஊரில் நெடுஞ்சாலைக்காகக் கொட்டிய மண்மேடு போன மழைக்காலத்தில் இடத்தை விட்டுக் கிளம்பி, வேலை போன எலியட்டின் வீட்டை நோக்கி நடந்தது. அந்த வாரம் செம்பனைக் குலை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

மனைவி இறந்தபின் எலியட் பேசியதில் பெரும்பகுதி அந்த மண்ணோடுதான். சேற்று நிலத்தில் எழுப்பிய மேடு எந்த நேரமும் நழுவலாம் என்பதால் அதற்குள் குழாய்கள் இறக்கியிருந்தார்கள். தினமும் காலையில் குழாய்க்குள் கருவியை விட்டு, மேடு எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது அவர் வேலை. "என்னா, தூங்குனியா? இடுப்பு வலிக்குதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கருவியை இறக்குவார். பிறகு, தானே அளந்து தானே செய்தி அனுப்பும் உணரிகள் வந்தன. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் கொம்பாங் மேளம் முழங்க வந்து, மண்ணுக்கே அறிவு வந்துவிட்டது என்று நெடுநேரம் பேசினார். கைதட்டல் அடங்கியதும் எலியட்டுக்கு மாலை போட்டு, ஒரு குடையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அதன்பிறகு அவர் வாசலுக்கு மின்சார பில் கொண்டுவரும் ஆள் மட்டுமே வந்தான்.

மேடு முதலில் மெல்லத்தான் நகர்ந்தது. குளிரூட்டிய அறையின் பெரிய திரையில் புள்ளிகள் சிவந்தன. ஆலோசகர்கள் கூடி, அபாய எல்லையை உயர்த்தி, அவற்றைப் பச்சையாக்கிவிட்டுப் பசியாறப் போனார்கள். மேடோ பச்சையாகவே ஓடையைத் தாண்டி, செம்பனை வரிசைகளுக்குள் ஒரு மரத்தையும் சாய்க்காமல் ஒதுங்கி ஒதுங்கி வந்து, எலியட்டின் குசினிக் கதவருகே நின்றது.

நிறுவனத்தின் பொறியாளர் அன்பரசி லோரியில் வந்து இறங்கினாள்.

"அங்கிள், நீங்க சொன்னா கேக்கும் லா. திரும்பிப் போகச் சொல்லுங்க. உங்களுக்கு ஆபிஸ்லயே வேலை தர்றோம், ஏர்கோன் ரூம்ல."

"அங்க எங்கிட்ட யாரு பேசுவா?"

"யாரும் பேச மாட்டாங்க அங்கிள், எல்லாரும் ஸ்கிரீனத்தான் பார்ப்பாங்க," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எலியட் மேட்டின் மேல் கை வைத்தார். ஈரமாக இருந்தது, நடந்த களைப்பில் மூச்சு வாங்கியது. போ என்றால் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். போனபின் வீட்டுக்குள் தன் செருப்புச் சத்தம் மட்டுமே கேட்கும் என்பதும் தெரியும்.

"இவ்வளவு தூரம் வந்திருக்க. இரு," என்றார்.

இருந்தது. நெடுஞ்சாலையை மேடு நின்ற இடத்துக்கு வளைத்துப் போட்டார்கள். அந்த வளைவு முதலிலிருந்தே திட்டத்தில் இருந்ததாக நிறுவனம் வரைபடத்தைத் திருத்தியது. வளைவின் அழகுக்காக ஒரு விருதும் வாங்கியது. சபாக் பட்டணம் போகும் வண்டிகள் இப்போது அங்கே வேகத்தைக் குறைக்கின்றன. எலியட் காலையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி கலக்குகிறார். மண்ணுக்குச் சீனி கம்மி.