பெல் அடிக்கிற வரைக்கும்

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பெரியாயா கழிப்பறைத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஃபினைல் நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கோத்தது. தொட்டியில் மொண்டு, வாளியைத் தூக்கி, வீசி ஊற்றி, துடைப்பத்தால் வழித்துத் தள்ள வேண்டும். குனிந்த இடுப்பு நிமிர மாட்டேன் என்றது. அந்தப் பக்கம் வகுப்பறைகளில் சின்னாயா பெஞ்சுகளை இழுத்துப் போட்டுப் பெருக்கும் சத்தம்.

முன்பு இந்த ஆரம்பப் பள்ளியில் ஆயாக்கள் நான்கு பேர். செலவு கட்டுப்படியாகவில்லை என்று தாளாளர் இரண்டு பேரை நிறுத்திவிட்டார். நாலு பேர் வேலையை ரெண்டு பேர் இழுக்க முடியாமல் திணறியபோது அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். இடைவேளையில் மட்டும் கழிப்பறையைத் திறப்பது, மற்ற நேரம் பூட்டிப் போடுவது. அழுக்கும் ஆகாது, தண்ணீரும் மிச்சம்.

சாவி பெரியாயாவின் இடுப்பில் தொங்கியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வேன் வந்து நின்றது. "சின்னாயா!" என்று பொடிசுகள் குதித்து ஓடின. இறக்கிவிட நீட்டிய பெரியாயாவின் கை நீட்டியபடியே நின்றது. முன்பல் இரண்டும் துருத்திய ஒரு வாண்டு, முயல்குட்டி என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்றாம் வகுப்புப் பெண், பெரியாயாவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சின்னாயாவின் முந்தானையைப் பிடித்தாள்.

வேன் டிரைவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, மூஞ்சி ஏன் கடுகடுன்னு இருக்கு?"

"ஃபினைல் நெடி."

"நெடி எனக்கும்தான் அடிக்குது. ஃபினைல் மாதிரி தெரியலையே."

"வண்டிய ஓட்டு. வாய ஓட்டாத."

எத்தனை பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தி, செருப்பு மாட்டி, வாந்தி அள்ளிய கை இது! போன வருஷம் வந்தவளிடம் அப்படி என்ன சொக்குப்பொடி இருக்கிறது?

விடை அன்று பகலே கிடைத்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முயல்குட்டி வெளியே வந்து சின்னாயாவின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சுவரை ஒட்டிப் பூனை போல நடந்து டீச்சர்களின் கழிப்பறைக்குள் நுழைந்தார்கள். சற்று நேரத்தில் இன்னொரு பிள்ளை. பிறகு இன்னொன்று.

போன வாரம் இதே முயல்குட்டி காலைப் பின்னிக்கொண்டு பெரியாயா முன்னால் வந்து நின்றாள். "பெல் அடிக்கட்டும்" என்று பெரியாயா அனுப்பிவிட்டாள். உத்தரவு அப்படி. உத்தரவை மீறி நல்ல பேர் வாங்க யாருக்குத்தான் தெரியாது? அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மதியம் தாளாளர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "பாதி நாள்கூட ஆகலை, தண்ணி எங்க போச்சு? கழிப்பறை பூட்டித்தானே இருக்கு?"

"என் பூட்டு பூட்டினபடியேதான் இருக்கு சார்." பெரியாயா வாளியை ணங்கென்று வைத்தாள். "பெத்த தாய் மாதிரி கொஞ்சறவங்க இருக்காங்களே, அவங்களக் கேளுங்க. டீச்சருங்க கழிப்பறைக்கு ஊர்வலம் எதுக்குப் போகுதுன்னு கேளுங்க."

சின்னாயாவுக்கு நாலு திட்டு விழும் என்றுதான் நினைத்தாள். வேலையே போய்விட்டது. மாலையில் சின்னாயா பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டைக் கடந்து போனாள். டீச்சர்களின் கழிப்பறைக்கும் பூட்டு வந்தது.

"இனிமே ரெண்டு சாவியும் உன்கிட்டதான். உன்னை மாதிரி விசுவாசமான ஆள்தான் எனக்கு வேணும்" என்றார் தாளாளர்.

அன்றிரவு பெரியாயா நன்றாகத் தூங்கினாள்.

மறுநாளிலிருந்து பிள்ளைகள் தன்னிடம் ஓடி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வேனிலிருந்து இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குப் போயின. ஒரு பிள்ளைகூட வந்து வெளியே போக வேண்டும் என்று கேட்கவில்லை. 'இப்பத்தான் ஒழுங்கு வந்திருக்கு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் உச்சி வெயிலில், வரிசையில் நின்ற முயல்குட்டி துணி நழுவுவதுபோல் சரிந்தாள்.

பெரியாயாதான் ஓடிப்போய்த் தூக்கினாள். உடம்பு கொதித்தது. உதடு வெடித்திருந்தது. நிழலில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளையின் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடிகூடத் திறக்கப்படவில்லை.

"ஏண்டா கண்ணு, தண்ணி குடிக்கல?" என்றாள் பெரியாயா.

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்."

"வந்தா?"

முயல்குட்டி கண்ணை மூடிக்கொண்டாள். "வந்தா உங்ககிட்ட வரணும்."

டீச்சர் வேகமாகப் போய் மற்ற பைகளைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பாட்டிலும் வீட்டிலிருந்து வந்தபடியே நிறைந்திருந்தது.

டாக்டர், சிறுநீரில் கிருமி என்றார், அடக்கி அடக்கி வந்தது என்றார். டீச்சர் அதைத் தாளாளரிடம் சொன்னாள்.

"வீட்டுல சாப்பிடாம வந்திருக்கும். நீங்க பாடத்தப் பாருங்க டீச்சர்" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

அந்திக் கருக்கலில் பெரியாயா சின்னாயாவின் ஒற்றை அறை வீட்டைத் தேடிப் போனாள். உள்ளே பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தால் டிரைவர், டீச்சர், முன்பு நிறுத்தப்பட்ட இரண்டு ஆயாக்கள். அந்த நிலையிலும் அவளுக்குச் சுருக்கென்றது.

"எல்லாரும் கூடியிருக்கீங்க. என்னைய மட்டும் யாரும் கூப்பிடலையே?"

"சாவி உங்க இடுப்புல இருக்கு, கூப்பிட்டா சாவியும் கூடவே வரும்ல?" என்றாள் சின்னாயா. எழுந்திருக்கவில்லை.

"நாந்தான் போட்டுக் கொடுத்தேன்."

"தெரியும். ஒப்பாரி வைக்க வந்திருந்தா வெளியில வெச்சுட்டுப் போங்க. இங்க வேலை இருக்கு."

"பொறாமைடி. புள்ளைங்க உன்கிட்ட ஓடுறதப் பாத்துப் பொறுக்கல. அந்தாளு அதத்தான் புடிச்சுக்கிட்டாரு. நீயும் நானும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, நாலு பேரு இருந்த எடத்துல ஒருத்திய வெச்சே ஓட்டிரலாம்ல?"

சின்னாயா காலை மடக்கி, தரையில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.

"உக்காருங்க. ஆனா எனக்கு இன்னும் கோவம் தீரல."

"எனக்கும் பொறாமை தீரல" என்று பெரியாயா உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை வேன்கள் புறப்படவில்லை. பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோரை ஆயாக்கள் நாலு பேரும் கேட்டில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்கள். பிள்ளைகளை வாட்ச்மேனின் கொட்டகை நிழலில் உட்காரவைத்து டீச்சர் பார்த்துக்கொண்டாள். கழிப்பறை இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. தாளாளரின் கார் வந்து நின்றது.

"என்ன கூத்து இது? வேலையப் பாக்க விருப்பமில்லாதவங்க போகலாம்!"

"வேலையப் பாக்கத்தான் நிக்கறோம் சார்" என்றாள் சின்னாயா. "பழையபடி நாலு பேரையும் வேலைக்கு வைங்க. கழிப்பறை நாள் முழுக்கத் தொறந்திருக்கணும்."

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. பெரியாயாவைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "உனக்குப் புத்தி எங்க போச்சு? இவ வந்தா புள்ளைங்க உன்னைத் திரும்பியாவது பாக்குமா? நல்லா யோசி."

அந்தச் சொல் சரியான இடத்தில்தான் குத்தியது.

"பாக்காது சார்" என்றாள் பெரியாயா எல்லோருக்கும் கேட்கும்படி. "பாக்காட்டிப் போகட்டும். தண்ணி குடிக்கட்டும்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தாளாளர் போனை எடுத்து யாரையோ அழைத்தார். "பத்து நிமிஷத்துல வேற ஆள் இறக்கறேன். அப்புறம் பாக்கலாம்" என்று காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போது மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் தெருமுனையிலிருந்து வேகமாக வந்தார். தோளில் இன்னும் சாக்குத் தூசி. முயல்குட்டியின் அப்பா.

"புள்ளைக்கு இன்னும் காய்ச்சல் எறங்கல. அவ அம்மா கூட இருக்கா." மூச்சு வாங்கினார். "நான் எங்க நிக்கணும்?"

"இங்க வாங்க" என்றார்கள் பெரியாயாவும் சின்னாயாவும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டி.

டிரைவர் பொறுக்க முடியாமல் சிரித்துவிட்டான். "அட, இதுலயும் போட்டியா?"

மனிதர் திகைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு தாய், இடுப்புப் பிள்ளையோடு, தனக்கும் இடம் தேடிக்கொண்டிருந்தாள்.