செங்கல்வராயன் காலில் ஏறிய பெருக்கு

பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரன், அதான் டச்சுக்காரன், கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம். ஏரி நடுவே பசியாவரம் தீவில் செங்கல்வராயனுக்கு வலது கால் யானைக்கால். ஆனால் அவன் அதை நோய் என்று ஒத்துக்கொண்டால்தானே, கண்ணுங்களா?

"காலையில வத்துது, சாயங்காலம் ஏறுது. இது ஏரித் தண்ணிடா! முகத்துவாரத்துல கடல் பெருக்கு வந்தா என் கால்லயும் வரும்"னு சொல்வான்.

ஊரும் நம்பியது. வலைக்குப் போகிறவர்கள், "மாமா, பெருக்கு எப்போ?" என்று அவன் காலைத்தான் கேட்பார்கள். அவன் கணுக்காலில் விரலை அழுத்தி, விழுந்த குழியைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாழி" என்பான். தப்பிப்போனால், ஏரி தப்பு செய்துவிட்டது என்பான்.

பசியாவரத்தில் ஒரு வழக்கம். வலை போடும் இடத்தைப் பாடு என்பார்கள். அது ஆளுக்கு ஆள் முறை வைத்து வரும். வலை இழுக்கும்போது பாட்டுக்காரன், அதாவது அந்த முறைக்கு உரியவன், அங்கே இருக்க வேண்டும். இரண்டு முறை தவறினால் பாடு போச்சு. செங்கல்வராயன் ஜுரத்தில் ஒரு முறை தவறிவிட்டான். அடுத்த முறைக்கு எட்டு நாள்தான்.

தெம்பு காட்ட, மூன்று நாள் பகல் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றான். சிப்பி கிழித்து விரலிடுக்கில் புண். மறுநாள் குளிர்ஜுரம். கால் மரக்கட்டை மாதிரி பருத்தது.

"ஒவ்வொரு ஜுரத்துக்கும் காலு ஒரு சுத்து ஏறுதே, அது தெரியலையா உனக்கு?" என்றாள் பெண்டாட்டி அங்காளம்மாள். வலைக்கயிற்றை ஆடுசதையில் சுற்றி, அளவுக்கு முடிச்சுப் போட்டு வைத்தாள். புண்ணைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துணியால் ஒற்றினாள். மீன் கூடையைக் கவிழ்த்து, காலை அதன்மேல் தூக்கி வைத்தாள்.

"அடியே, மூணு நாள்ல அமாவாசை. பெரும்பெருக்கு! காலு வெடிச்சிடும்!"

அமாவாசை வந்தது. படகு கட்டும் கழி பாதி முழுகியது. அங்காளம்மாள் அதே கயிற்றைச் சுற்றினாள். முடிச்சு இரண்டு விரல் தாண்டிப் போனது.

"முடிச்சை மாத்திட்டே!"

"நான் இன்னாத்துக்குய்யா மாத்தப் போறேன்? பெருக்கு வாசல்ல நிக்குது, உன் காலு வத்திப் போச்சு. நாள் பூரா நின்னா ஏறுது, தூக்கிப் படுத்தா இறங்குது. அவ்வளவுதான்."

அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. வற்றிய சந்தோஷம் பாதி, ஊருக்குப் பெருக்கு சொல்லும் பெருமை போன துக்கம் பாதி.

பாடு வந்த நாளன்று தண்ணீரில் இறங்கக் கிளம்பினான். அங்காளம்மாள் வழியை மறித்து, ஊர்ப் பெரியவர் பெரியசாமியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, பாட்டுக்காரன் அங்கே இருக்கணும்னுதானே வழக்கம்? நிக்கணும்னு யாராவது சொன்னாங்களா?"

பெரியசாமி தலையைச் சொறிந்து யோசித்தார். "சொல்லலையேம்மா."

படகு போனது. முனையில் கூடை, கூடைமேல் கால், அதற்குப் பின்னால்தான் செங்கல்வராயன்.

"இன்னாய்யா, உனக்கு முன்னாடி உன் காலு வருது!" என்று கத்தினார் பெரியசாமி.

சாய்ந்தபடியே ஆட்களை அதட்டி அதட்டி வலையை இழுக்க வைத்தான். பாடு தங்கியது. திரும்பும்போது பக்கத்துப் படகிலிருந்து வலைக்காரப் பையன் வரதன், "மாமா, பெருக்கு எப்போ?" என்றான்.

செங்கல்வராயனின் விரல் பழக்கத்தில் கணுக்காலுக்குப் போனது. படகில் கூடவே வந்திருந்த அங்காளம்மாள் முறைத்தாள்.

"ஏரியையே கேளுடா," என்றான். "என் காலு தூங்குது."