வீட்டுக்குச் சேமித்த கோடுகள்

வைரவன் தவறான இடத்தில் சேமித்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவர் வீடு முழுவதும் கிடைக்கோடுகள் ஓடின. சுவர், பால் பாத்திரம், இட்லி, மனைவி விசாலம், எல்லாவற்றின் மேலும் நூல் இடைவெளியில் கறுப்புக் கோடுகள்.

வைரவன் காரைக்குடியில் பாலிடெக்னிக் விரிவுரையாளர். ஓய்வு நேரத்தில், கணினியைப் பழைய வீடியோ கேம் பெட்டியாக நடிக்க வைக்கும் எமுலேட்டரில் விமானச் சண்டை ஆடுவார். படம் அந்தக் காலத்து டிவியில் தெரிவதுபோலத் தெரிவதற்கு, கோடு போடும் ஃபில்டர் ஒன்று அதில் உண்டு. சேமிக்கும்போது, ஆட்டத்துக்கா, ஆளுக்கா, வீட்டுக்கா, தெருவுக்கா என்று எமுலேட்டர் கேட்கும். பல்லில் சிக்கிய கொய்யா விதையை நாக்கால் துழாவிக்கொண்டே அவர் ‘வீட்டுக்கு’ என்பதை அமுக்கிவிட்டார்.

இணையத்தில் எமுலேட்டர்காரர்களின் குழுவில் அவர் பெரிய ஆள். இதே தவறைச் செய்துவிட்டு வந்து நிற்பவர்களிடம், “கேட்கும் முன் தேடிப் பார்த்தீர்களா?” என்பார். பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வார்.

விசாலத்துக்கு முதல் நாளே தலைவலி வந்தது.

“அரிசியில கல்லு எது, கோடு எதுன்னு தெரியலைங்க. புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா தேவகோட்டைக்குத் தம்பி வீட்டுக்குப் போறேன்.”

“எப்ப வருவே?”

“கோடு போனதும்.”

இருபத்தொரு வருடத்தில் விசாலம் இல்லாத வீட்டில் தான் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை என்பது அப்போதுதான் வைரவனுக்கு உறைத்தது. உடனே போய், வீட்டுக்கென்று சேமித்திருந்த கோப்பை அழிக்கப் பார்த்தார். எமுலேட்டர் இரண்டு வரியில் ஏதோ சொன்னது. அதைப் படிக்காமல் கணினியை அணைத்துப் போட்டார். செவ்வாய் மாலைக்குள் பதினேழு முறை அணைத்துப் போட்டுவிட்டார்.

அவர் மேல் மட்டும் கோடு விழவில்லை. கண்ணாடியில் வழவழவென்று, முப்பது வயதுக்காரர்போல இருந்தார். அனுபவசாலிக்கு எமுலேட்டர் காட்டும் மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல், ‘புதியவன்’ என்ற பெயரில் குழுவில் சேர்ந்து, தன் மேல் கோடு விழாததையும் சொல்லிக் கேள்வி கேட்டார். ஆம்பூரிலிருந்து குல்சார் பேகம் பதில் போட்டாள். போன வருடம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்; எழுத்து நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“கேட்கும் முன் தேடிப் பார்த்தீர்களா, வைரவன் சார்?”

அதன் கீழேயே, “சின்னது பெரிசை மறைக்கும் சார். உங்க மேல கோடு இல்லைன்னா, உங்களுக்குன்னு யாரோ ஆள் கோப்பு போட்டு வச்சிருக்காங்க. மேல இருக்கறதை எடுத்தாத்தான் அடியில இருக்கறதை அழிக்க முடியும். இது நீங்களே எழுதினதுதான். உங்களுக்குக் கோபம் வராத ஒரு நாள்ல எழுதியிருக்கீங்க” என்று எழுதியிருந்தாள்.

புதன் காலை வைரவன் தேடினார். இருந்தது. சேமித்தவர்: விசாலம். தேதி, கல்யாணம் ஆன மூன்றாம் நாள். மென்மை எண்பது. காலி இடங்களைப் பக்கத்திலிருந்து நிரப்பவும். அளவு நான்கு மடங்கு.

அவர் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

விசாலம் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“இதை எடுத்தா நான் எப்படித் தெரிவேன்?”

“இருக்கிற மாதிரி.”

“நீ பாத்திருக்கியா?”

“சேமிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பூரா பாத்தேனே.”

“அப்புறம்?”

“அப்புறம் சேமிச்சேன்.” அவள் நெற்றிப்பொட்டை விரலால் அழுத்தினாள். “பஸ்ஸுக்கு நேரமாகுது. உங்களுக்கு மனசில்லேன்னா விடுங்க. நான் அங்கேயே இருந்துக்கறேன்.”

வைரவன் திரும்பி உட்கார்ந்து அவளுடைய கோப்பை அழித்தார். கோடுகள் அவர் மேலும் வந்தன. அடுத்து வீட்டுக் கோப்பு. அதை அழிக்க அவர் விசைப்பலகையின் மேல் ஏறி நின்று, இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது.

கோடுகள் போயின. சுவர் வெறும் சுவராக இருந்தது. விசாலம் கண்களை மூடித் திறந்தாள். பிறகு குனிந்து அவரைப் பார்த்தாள். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. முன்வழுக்கை. தாடையில் அம்மைத் தழும்பு.

“என்ன?” என்றார் வைரவன்.

“அப்ப இருந்ததுக்கு ஒரு விரற்கடை வளந்திருக்கீங்க.”

“தலைவலி?”

“இல்லை.”

“அப்ப போகலியே?”

“தம்பி பொண்டாட்டி உளுந்து ஊறப் போட்டிருப்பா. வீணாக்க முடியுமா?”

வைரவன் விசைப்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். விசாலம் பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்து பீரோவில் அடுக்கினாள். ஒன்றை மட்டும் நான்காக மடித்து ஒயர் கூடையின் அடியில் விரித்தாள்.

“வாங்க. சாயங்காலம் ரெண்டு பேருமாத் திரும்பிடலாம்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். நடத்துனர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, வைரவனைக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

முன் இருக்கையில் ஒரு பெண்ணின் மடியிலிருந்த கூடையில் இருந்து, கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து திரும்பினார். பாலிடெக்னிக்கில் இந்த வருடம் சேர்க்கை எப்படி என்று கேட்டார்.

பரவாயில்லை என்றார் வைரவன்.